மோர்னிங்சைட்டில் இருந்து ஏரிக்கரைக்கு, சைக்கிளில்

எங்கள் வீட்டில் முப்பது வருடத்துக்கு மேலாக ஒரு சட்டம் இருந்தது. சைக்கிள் வாசல்படி தாண்டக்கூடாது.

காரணம் 1989 நவம்பர். அப்பா ஸ்காபரோவில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த காலம். வேலை முடியிற நேரத்தில் பஸ் இருக்காது. ஆரோ கொடுத்த பழைய சைக்கிள்தான். ஒரு மழை இரவில், கிங்ஸ்ரன் றோட்டில் பின்னால் வந்த கார் அவரைத் தட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டது. காறை எலும்பு முறிந்து ஆறு கிழமை வேலையில்லை. எனக்கு அப்போது ஒரு வயது. பிறகு கடன்பட்டு ஒரு கார் வாங்கினார், அதோடு சைக்கிள் கதை முடிந்தது. நான் எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான்: "சைக்கிள் உழக்கவோ பிள்ளை கனடாவுக்கு வந்தனாங்கள்?"

ஆனால் ஊர்க்கதை தொடங்கினால் அதே அப்பா சைக்கிளில்தான் ஏறுவார். வல்வெட்டித்துறையில் இருந்து கடலோர றோட்டால் பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரிக்குத் தினமும் போய்வந்தவர். "போகேக்கயும் எதிர்க்காத்து, வரேக்கயும் எதிர்க்காத்து" என்பார். அது எப்படி என்று நாங்கள் கேட்பதில்லை.

போன வருடம், வகுப்பில் சைக்கிள் ஓடத் தெரியாத இரண்டு பேரில் தானும் ஒருத்தி என்று என் பத்து வயது மகள் அழுதுகொண்டு வந்தாள். "உங்களுக்கு ஓடத் தெரியுமா அம்மா?" தெரியாது. முப்பத்தாறு வயது, பரத அரங்கேற்றம் செய்தவள், வயலினும் கொஞ்சம் வரும். சைக்கிள் வராது. என்னோடு வளர்ந்தவர்களில் பாதிப் பேரின் கதையும் இதுதான். பதினாலாம் மாடி அப்பாட்மென்ட். அம்மாவும் அப்பாவும் மாறி மாறி ஷிஃப்ட். பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வருவதற்கு ஆர் இருந்தது?

ஞாயிற்றுக்கிழமைகளில் பாடசாலைக் கார்த் தரிப்பிடத்தில் இருவரும் சேர்ந்தே பழகினோம். பெடலைக் கழற்றிவிட்டு, இரண்டு பாதமும் நிலத்தில் பதியும் அளவுக்கு இருக்கையை இறக்கி, காலால் தள்ளித் தள்ளிச் சமநிலை பிடிக்க வேண்டும். பின்னால் பிடிக்க ஒருவரும் தேவையில்லை. அவளுக்கு ஒரு மணித்தியாலம் எடுத்தது. எனக்கு மூன்று கிழமை.

சரி, பழகியாயிற்று. எங்கே ஓடுவது? அவளை றோட்டில் விட எனக்கும் மனமில்லை. அப்பாவின் மகள்தானே.

விடை பாலங்களுக்குக் கீழே கிடந்தது. ஹம்பர், டொன், ஹைலன்ட் கிறீக், றூஜ் என்று இந்த நகரத்தை வெட்டிக்கொண்டு ஆறுகள் ஏரிக்கு இறங்குகின்றன. அவற்றின் பள்ளத்தாக்குகளைக் காரில் அரை நிமிடத்தில் கடந்துவிடுகிறோம், கீழே பார்ப்பதில்லை. 1954 ஒக்ரோபர் 15 இரவு ஹேசல் சூறாவளி வந்தபோது ஒன்ராறியோவில் 81 பேர் இறந்தார்கள். ஹம்பர் ஆற்றோரம் றேமோர் டிரைவ் என்ற ஒரே தெருவில் மட்டும் 35 பேர். அதன்பிறகுதான் வெள்ளம் ஏறும் நிலத்தில் வீடு கட்டவிடாமல், ஆற்றோர நிலங்களைப் பொதுவில் வாங்கிப் பூங்காக்களாக விட்டார்கள். ஸ்காபரோவில் இன்றைக்கு ஒரு வீடு என்ன விலை என்று தெரிந்தவர்களுக்கு, அவ்வளவு நிலம் வெறுமனே கிடப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளங்கும்.

எங்கள் பாதை ஹைலன்ட் கிறீக். எல்ஸ்மியருக்குத் தெற்கே, மோர்னிங்சைட் பூங்காவில் காரை விட்டுவிட்டு, ஆறு ஓடும் திசையிலேயே நாங்களும் போவோம். மேலே மேட்டில் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகம். எங்கட சனம் முப்பது லட்சம் டொலர் சேர்த்துத் தமிழ் இருக்கை அமைத்த அதே வளாகம்தான். கீழே மரமும் தண்ணீரும், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு மானும். செப்ரெம்பர் கடைசியில், ஒக்ரோபரில் போனால், ஏரியில் இருந்து சமன் மீன்கள் எதிர்நீச்சல் போட்டு மேலே ஏறுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். என் மகள் அந்த இடத்தை விட்டு அரை மணித்தியாலம் அசையவில்லை.

இன்னும் கொஞ்சத் தூரத்தில் தலைக்கு மேலே வாகன இரைச்சல் கேட்கும். அது கிங்ஸ்ரன் றோட். முதல் தடவை அதற்குக் கீழால் போனபோது நான் இறங்கி நின்றுவிட்டேன். ஏன் என்று மகள் கேட்டாள். தண்ணீர் குடிக்க என்றேன். உண்மையைச் சொன்னால், இந்தப் பூங்காப் பாதைகள் எங்களைப் போல ஞாயிறு ஓட்டக்காரருக்குத்தான். வேலை முடிந்து நடுச்சாமத்தில் வீடு திரும்புகிறவருக்கும், சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற புதிதாக வந்த பெடியளுக்கும் இன்றும் மேலே இருக்கிற அந்த றோட்தான்.

பாதை கேணல் டன்ஃபோத் பூங்காவால் போய், ரயில் தண்டவாளத்துக்குக் கீழால் நுழைந்து வெளியே வரும்போது திடீரென்று முன்னால் ஒன்ராறியோ ஏரி. மறுகரை தெரியாது. உப்பு மணம் இல்லை என்பதைத் தவிர கடல்தான். இடப்பக்கம் திரும்பினால் போர்ட் யூனியன் கரையோரம். ஒரு பக்கம் தண்டவாளம், மறுபக்கம் தண்ணீர். றூஜ் ஹில் கோ ரயில் நிலையத்தைத் தாண்டி றூஜ் ஆறு ஏரியில் கலக்கும் கடற்கரையில் எங்கள் ஓட்டம் முடியும். நின்று நின்று போனால் போக மட்டும் இரண்டு மணித்தியாலம். திரும்பி வருவது மெல்லிய ஏற்றம், காலில் கொஞ்சம் பலம் மிச்சம் வைத்திருங்கள். றூஜ் பள்ளத்தாக்கு 2015இல் கனடாவின் முதலாவது தேசிய நகரப் பூங்காவானது. இந்த ஏரிக்கரைப் பாதையோ 3,600 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பேரேரிகள் கரையோரப் பாதையின் ஒரு சின்னத் துண்டு.

மேற்குப் பக்கமாக ஸ்காபரோ பிளஃப்ஸ் வழியே பிள்ளைகளைக் கூட்டிப்போகாதீர்கள். 90 மீற்றர் உயரம் வரைக்கும் எழும் மண்பாறை. பாதை கரையை விட்டு விலகித் தெருக்களில் ஏறிவிடும். பிறிம்லி றோட்டால் பிளஃபர்ஸ் பூங்காவுக்கு இறங்கும்போது பிறேக் மணக்கும், ஏறும்போது மூச்சு நிற்கும். அந்த அழகைக் காரில் போய்ப் பாருங்கள். நகரத்தின் நடுப்பக்கம் இருப்பவர்களுக்கு லெஸ்லி ஸ்பிற் நல்லது. கட்டட இடிபாடுகளைக் கொட்டி ஏரிக்குள் ஐந்து கிலோமீற்றர் நீளத்துக்கு உருவாக்கிய நிலம் அது. கார்ப் போக்குவரத்து இல்லை. கிழமை நாட்களில் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகுதான் உள்ளே விடுவார்கள். சனி, ஞாயிறு காலையிலேயே போகலாம். எங்கே போனாலும் பெருமழைக்கு அடுத்த நாள் பள்ளத்தாக்குக்குள் இறங்க வேண்டாம். வெள்ளத்துக்கென்று விட்ட நிலம் அது, வெள்ளம் வரத்தான் செய்யும்.

பதினெட்டு வயதுக்குக் கீழ் ஹெல்மெற் ஒன்ராறியோவில் சட்டம். மணியும் கட்டாயம். பூங்காப் பாதைகளில் வேகம் மணிக்கு 20 கிலோமீற்றருக்கு மேல் போகக்கூடாது. பதினாலு வயதுக்கு மேற்பட்டவர்கள் ரொறன்ரோவில் நடைபாதையில் சைக்கிள் ஓட முடியாது என்பது எனக்குப் பழகிய பிறகுதான் தெரியும்.

இதையெல்லாம் அப்பாவுக்குச் சொல்லாமல்தான் வைத்திருந்தேன். மகள் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் போட்டுடைத்துவிட்டாள். அப்பா ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் போன் எடுத்தார்.

"எந்த றோட்டால போறனீங்கள்?"

"றோட் இல்லை அப்பா. ஆத்தங்கரையால."

"கிங்ஸ்ரன் றோட்டைக் கடக்க வேணுமெல்லே?"

"அதுக்குக் கீழால போறது."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "எத்தினை மணிக்கு றூஜுக்கு வருவியள்?" என்று கேட்டார்.

அந்த ஞாயிறு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் கார் ஏரியைப் பார்த்தபடி நின்றது. பிளாஸ்கில் தேத்தண்ணி, பேப்பரில் சுற்றிய மீன் ரோல்ஸ். பேத்தி ஓடிப்போய், "அம்மப்பா, நான் முழுக்க ஓடினனான்!" என்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. அவளின் சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தி, பின்சில்லைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தார்.

"காத்துக் காணாது. ஆர் அடிச்சது?"

"அம்மா."

"பம்ப் கொண்டு வந்தனியளோ?"