'வளர வளர சரியாகிடும்' - குழந்தையின் கால் விஷயத்தில் இது எப்போது உண்மை, எப்போது ஆபத்து?

குழந்தையின் கால் கொஞ்சம் வளைஞ்ச மாதிரி தெரிகிறது. "வளர வளர சரியாகிடும்" என்கிறார் ஊரில் இருக்கும் பாட்டி. "உடனே ஸ்பெஷல் ஷூ வாங்குங்க" என்கிறது இன்ஸ்டா ரீல்ஸ். யார் சொல்வது சரி?

சில பிரச்னைகளில் பாட்டி சொல்வதுதான் நூற்றுக்கு நூறு சரி. வேறு சிலவற்றில் தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் நஷ்டம்.

தூத்துக்குடி மாவட்டம் விளாத்திகுளத்தை அடுத்த நாகலாபுரம் போன்ற கரிசல் ஊர்களில் இந்த வித்தியாசம் தெரிந்திருப்பது இன்னும் முக்கியம். எலும்பு டாக்டரைப் பார்க்க பெரும்பாலும் கோவில்பட்டிக்கோ தூத்துக்குடிக்கோ பஸ் ஏற வேண்டும். காட்டு வேலைக்கோ தீப்பெட்டி ஆபீஸுக்கோ போகிற பெற்றோருக்கு அது ஒரு நாள் கூலி. தேவையில்லாமல் அலையவும் கூடாது, தேவையானதைத் தள்ளிப்போடவும் கூடாது.

காத்திருந்து பார்க்கலாம்

வில் போல் வளைந்த கால்: பிறந்ததிலிருந்து சுமார் 2 வயது வரை இயல்புதான். இரண்டு காலும் ஒரே மாதிரி வளைந்திருந்தால் டென்ஷன் வேண்டாம்.

முட்டி இடிக்கும் கால்: 3, 4 வயதில் முட்டிகள் உள்பக்கமாக நெருங்கித் தெரியும். பெரும்பாலும் 7, 8 வயதுக்குள் தானாகவே நேராகிவிடும்.

தட்டைப் பாதம்: சின்னக் குழந்தைகளுக்குப் பாதத்தில் குழிவு இருக்காது. நுனிக்காலில் நிற்கச் சொல்லுங்கள். அப்போது குழிவு தெரிந்து, வலியும் இல்லை என்றால் தனி ஷூ தேவையில்லை.

ராத்திரி கால் வலி: 3 முதல் 12 வயது வரை சகஜம். இரண்டு காலிலும் கெண்டைச் சதை, தொடைப் பகுதியில் வலிக்கும். காலையில் எழுந்ததும் எதுவும் நடக்காத மாதிரி ஓடுவார்கள். ஒரே காலில், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வலித்தால் அது வேறு கதை, டாக்டரிடம் காட்டுங்கள்.

காத்திருக்கவே கூடாது

கிளப் ஃபுட்: பிறக்கும்போதே பாதம் உள்பக்கமாகத் திரும்பி, கீழ்நோக்கி மடங்கியிருக்கும். ஏறக்குறைய 1,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது. கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அம்மா மேலும் தப்பு இல்லை.

இது தானாகச் சரியாகாது. ஆனால் பெரிய ஆபரேஷன் இல்லாமலே சரிசெய்ய முடியும். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டாக்டர் இக்னேசியோ பொன்செட்டி உருவாக்கிய முறைதான் இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. பிறந்த சில வாரங்களிலேயே தொடங்குவது நல்லது. வாரம் ஒருமுறை பாதத்தை மெதுவாகத் திருப்பி மாவுக்கட்டு போடுவார்கள். பொதுவாக 5, 6 கட்டுகள். பிறகு பெரும்பாலான குழந்தைகளுக்குக் குதிகால் தசைநாணில் சின்னதாக ஒரு வெட்டு, அதற்கு மேல் 3 வாரம் கடைசிக் கட்டு.

கால் நேராகிவிடும். சிக்கலே இனிமேல்தான். கம்பியால் இணைத்த ஷூவை முதல் 3 மாதம் நாளுக்கு 23 மணி நேரமும், பிறகு சுமார் 4 வயது வரை தூங்கும்போதும் போட வேண்டும். 'அதான் நேராகிடுச்சே, பிள்ளை அழுவுதே' என்று கழற்றி வைத்துவிட்டால் பாதம் மறுபடி திரும்பும். இந்தப் பிரச்னை திரும்பி வர முக்கியக் காரணமே ஷூவை நிறுத்துவதுதான்.

இடுப்பு மூட்டு விலகல்: ஒரு கால் குட்டையாகத் தெரிவது, டயப்பர் மாற்றும்போது ஒரு தொடை விரியாமல் இருப்பது இதன் அறிகுறிகள். பெண் குழந்தைகளுக்கும், வயிற்றில் தலை மேலே இருந்த குழந்தைகளுக்கும் வாய்ப்பு அதிகம். கால்களை நீட்டி இறுக்கித் துணி சுற்றாதீர்கள். நம் ஊர் வழக்கப்படி கால் விரிய இடுப்பில் தூக்கி வைப்பது நல்லதே.

ரிக்கெட்ஸ்: 2 வயதுக்குப் பிறகும் கால் அதிகமாக வளைந்து, மணிக்கட்டும் தடித்திருந்தால் வைட்டமின் டி அல்லது கால்சியம் குறைவாக இருக்கலாம். வெயில் கொளுத்தும் ஊரிலும் வீட்டுக்குள்ளேயே வளரும் குழந்தைக்கு இது வரும்.

நொண்டி நடப்பது: அடிபடாமல் சில நாட்களுக்கு மேல் நொண்டினால் காட்ட வேண்டும். இடுப்பில் இருக்கும் கோளாறு சில சமயம் முட்டி வலியாகத்தான் தெரியும்.

காய்ச்சலோடு மூட்டு வலி: குழந்தை ஒரு காலையோ கையையோ அசைக்கவே விடாமல் அழுதால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூட்டுக்குள் சீழ் பிடித்திருந்தால், சில நாட்களிலேயே மூட்டு நிரந்தரமாகச் சேதமாகிவிடும்.

எண்ணெய் போட்டு நீவலாமா?

குளிப்பாட்டும்போது மெதுவாகத் தடவுவதில் தப்பில்லை. காலை இழுத்து, முறுக்கி நீவினால் எதுவும் நேராகாது. முழங்கையில் எலும்பு முறிந்த குழந்தைக்கு இறுக்கமாகக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று கையே முடங்கலாம். எங்கே கட்டு போட்டாலும் விரல் வீங்கி, நிறம் மாறி, வலி கூடினால் உடனே பிரிக்க வேண்டும்.

இலவசமாக எங்கே பார்க்கலாம்?

2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில், பிறந்தது முதல் 18 வயது வரை பரிசோதனை உண்டு. கிளப் ஃபுட், இடுப்பு மூட்டு விலகல், ரிக்கெட்ஸ் மூன்றுமே பட்டியலில் இருக்கின்றன. மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு 2 முறையும், அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். அதுவரை காத்திருக்காமல் கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காட்டலாம். அங்கிருந்து மாவட்ட அளவிலான மையத்துக்கு அனுப்புவார்கள். சந்தேகம் கேட்க 104, அவசரத்துக்கு 108.

கிளம்பும் முன் ஒரு வேலை: குழந்தை நடப்பதை முன்னாலும் பின்னாலும் இருந்து போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் குழந்தை நடக்க மறுத்து அழுதாலும், டாக்டருக்கு அந்த வீடியோ உதவும்.