கடைக்கால் தோண்டும் முன்

பழைய நகரமொன்றில் பேருந்து நிலையமோ அங்காடி வளாகமோ எழுப்புவதற்கு முன், அவ்விடத்தில் தரைக்கு மேலும் கீழும் எஞ்சியுள்ள பழமையைக் கண்டறிந்து, கட்டுமானத்தால் அதற்கு நேரக்கூடிய இழப்பை முன்னதாகவே கணிப்பது தொல்லியல் தாக்க மதிப்பீடு எனப்படும். 2016-ல் சீர்மிகு நகரத் திட்டத்துக்குத் தேர்வான தஞ்சாவூரில் அதன் தேவை கண்கூடாயிற்று. அய்யன்குளத்தைச் சீரமைக்கும் பணியில், சிவகங்கைக் குளத்திலிருந்து அதற்கு நீர் கொண்டுவந்த பழைய நிலத்தடிக் கால்வாய் வெளிப்பட்டது. பணி தொடங்குமுன்பே வரைபடத்தில் இடம்பெற்றிருக்க வேண்டிய அமைப்பு அது.

1958-ஆம் ஆண்டின் தொல்சின்னச் சட்டம், 2010-ல் திருத்தப்பட்டபடி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டரைத் தடைப்பகுதியாகவும் அதற்கப்பால் 200 மீட்டரை ஒழுங்குமுறைப் பகுதியாகவும் வகுக்கிறது. பெரிய கோயிலுக்கு இவ்வளையம் நல்ல அரண்தான். ஆயினும் குளத்துக்குக் குளம் ஓடிய நீர்வழியும், கோயிலைச் சார்ந்து வாழ்ந்தோரின் குடியிருப்பும் அந்த அளவுக்குள் அடங்கி நிற்பதில்லை.

ஆகவே, மதிப்பீடு மண்வெட்டியிலிருந்து அன்று, ஏட்டிலிருந்தே தொடங்குகிறது. முதலாம் இராசராசன் கோயில் பணிக்கென 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்திய செய்தியைக் கூறும் பெரிய கோயில் கல்வெட்டு, ஒவ்வொருவர் பெயருடனும் அவர் வாழ்ந்த தெருவையும், அதன் எந்தச் சிறகில், அதாவது எந்தப் பக்க வரிசையில், எத்தனையாவது வீடு என்பதையும் குறிக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய முகவரிகளைக் கல்லில் வைத்திருக்கும் ஊரில் அவற்றைப் படிக்காமல் கடைக்கால் தோண்டுவது பொறுக்கத்தக்கதன்று. வருவாய்த்துறைப் பதிவேட்டில் குடியிருப்பு நிலத்தைச் சுட்டும் ‘நத்தம்’ என்ற சொல்லும், கங்கைகொண்ட சோழபுரத்தில் அரண்மனைச் சுவர்கள் வெளிப்பட்ட மாளிகைமேடு போன்ற பெயர்களும் அத்தகைய தடயங்களே. அவை காட்டும் இடங்களில் மேற்பரப்பாய்வு நடத்தி, மின்காந்த அலைகளால் மண்ணை ஊடுருவும் ராடார் கொண்டு தேடி, ஐயமுள்ள இடத்தில் மட்டும் சிறு சோதனைக்குழி இடுவர்.

முன்னாய்வு இல்லாத காலத்தின் இழப்பைக் கொள்ளிடக் கரை அறியும். 1836-ல் கீழணை கட்டப்பட்டபோது கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் சுற்றுமதில் கற்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. நெல்வயலுக்கு நீர் தேக்கிய அணைக்காக ஒரு பேரரசின் மதில் போயிற்று.

இன்று வேண்டுவது, தோண்டும் நாளெல்லாம் தொல்லியலாளர் ஒருவர் உடனிருப்பதும், பணியை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இருப்பதும், அதற்கான காலமும் செலவும் ஒப்பந்தப்புள்ளியிலேயே எழுதப்படுவதுமாகும்.