பிரசவத்தின் பின் முதுகு வலியும் வெளியில் சொல்லப்படாத சிறுநீர்க் கசிவும்

பிள்ளை பெற்ற பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குச் சிறுநீர்க் கசிவு ஏற்படுவதாக மருத்துவ ஆய்வுகள் கூறுகின்றன. எனினும் பிலிமத்தலாவை போன்ற நமது ஊர்களில் இதனைத் தாயிடமோ சகோதரியிடமோ கூடச் சொல்லத் தயங்கும் பெண்களே அதிகம். முதுகு வலியைச் சொல்வார்கள்; கசிவைச் சொல்லமாட்டார்கள். இருமினாலும் தும்மினாலும் உடை நனைந்துவிடுமோ என்ற அச்சத்தில் கண்டிக்கு பஸ்ஸில் செல்வதையும் திருமண வீடுகளையும் தவிர்த்துக்கொள்வார்கள். கோயிலுக்குச் செல்லக் கூசுவோரும், ஒளு முறிந்துவிட்டதோ என்று தொழுகை வேளைதோறும் மனம் கலங்குவோரும் உளர். 'பிள்ளை பெற்றால் இப்படித்தான்' என்ற மூத்தோரின் ஆறுதல் இவ்விடயத்தில் உண்மையல்ல.

கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் கீழிருந்து தொட்டில்போல் தாங்கி நிற்பவை இடுப்புத்தளத் தசைகள். கர்ப்ப காலச் சுமையாலும் பிரசவத்தாலும் இவை தளர்கின்றன. வயிற்றின் ஆழ்தசைகளும் முதுகுத் தசைகளும் இவற்றோடு இணைந்தே உடலைத் தாங்குவதால், வலியும் கசிவும் பல வேளைகளில் சேர்ந்தே வருகின்றன. சத்திரசிகிச்சை மூலம் பிள்ளை பெற்றவர்களும் இதற்கு விதிவிலக்கல்லர். பிரசவித்த பெண்ணுக்கு ஓய்வளிக்கும் நமது வழக்கம் மெச்சத்தக்கதே. ஆனால், வயிற்றைத் துணியால் இறுகக் கட்டுவதால் தளர்ந்த தசை வலுப்பெற்றுவிடாது.

வலுவூட்டும் பயிற்சியை 1948இல் அமெரிக்கப் பெண்ணோயியல் மருத்துவர் ஆர்னோல்ட் கெகல் விளக்கி எழுதினார். வாயு வெளியேறாமல் அடக்கும்போது உள்நோக்கி இறுகும் தசைகளே இங்கு பயிற்றப்பட வேண்டியவை. மூச்சை அடக்காமலும், தொடையையும் பிட்டத்தையும் இறுக்காமலும் அத்தசைகளைச் சில விநாடிகள் மேல்நோக்கி இறுக்கி, பின்னர் முற்றாகத் தளர்த்த வேண்டும். தளர்த்துவதும் பயிற்சியின் பாதியாகும். ஒரு தடவைக்குக் குறைந்தது 8 முறை, நாளொன்றுக்கு 3 தடவை, 3 மாதங்களேனும் தொடர வேண்டும். ஒரு வாரம் செய்துவிட்டுப் பயனில்லை எனக் கைவிடுவோரே பலர். சிறுநீர் கழிக்கையில் இடையில் நிறுத்தி இதனைப் பழகுவது தகாது. சாதாரண பிரசவமாயின், வலியின்றிச் செய்ய இயலும் நாளிலிருந்தே தொடங்கலாம்.

முதுகுக்கு, மல்லாந்து படுத்து முழங்கால்களை மடித்து, மூச்சை வெளிவிட்டபடி அடிவயிற்றை மெல்ல உள்ளிழுத்து இடுப்பின் பின்புறத்தைத் தரையோடு அழுத்தலாம். பிள்ளையைத் தூக்கும்போது முழங்காலை மடித்துக் குனிவதும், தூக்குமுன் இடுப்புத்தளத்தை இறுக்குவதும் நலம். படுத்த நிலையிலிருந்து எழும்பும் கடும் வயிற்றுப் பயிற்சிகள் ஆரம்பத்தில் வேண்டாம்.

பிரசவத்தின் பின் குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வருவது நமது நாட்டின் பெரும்பேறு. குழந்தையின் நிறையைப் பற்றிப் பேசும் அதே வேளையில் இதையும் அவரிடம் கூறலாம், அவரும் பெண்தான். தேவையெனில் சில கிலோமீற்றர் தொலைவிலுள்ள பேராதனை போதனா வைத்தியசாலையை நாடலாம்.

முதுகு வலியோடு கால் மரத்தல், மறைவிடத்தில் உணர்வின்மை, சிறுநீர் வெளியேறாது தடைப்படுதல், மலத்தை அடக்க இயலாமை ஆகியவற்றில் எதுவும் காணப்படின் பயிற்சியை நம்பிக் காத்திராது அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.