வன்தட்டின் கடைசியில் ஒளிந்திருக்கும் அட்டவணை

பழைய வன்தட்டைத் துடைத்துவிட்டு லினக்ஸ் நிறுவப் போகிறீர்கள். அழித்த பிரிவுகளை மீட்கவா என்று மென்பொருள் கேட்கிறது! அழித்தவை எப்படித் திரும்பி வந்தன?

வன்தட்டு, 512 பைட் கொண்ட ‘செக்டர்’ எனும் சிறு கட்டங்களாக எண்ணிடப்பட்டிருக்கும். எந்தப் பிரிவு எங்கே தொடங்குகிறது என்பதைப் பிரிவு அட்டவணை சொல்லும். 1983இல் வந்த டாஸ் 2.0 காலத்து எம்.பி.ஆர். முறையில் அது 0ஆம் செக்டரில் வெறும் 64 பைட்தான். ஒரு பிரிவுக்கு 16 பைட். அதனால் நான்கு முதன்மைப் பிரிவுகளுக்கு மேல் இடமில்லை. ஏறக்குறைய 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட வன்தட்டையும் அதனால் முழுதாக ஆள முடியாது.

பின்னர் வந்த ஜி.பி.டி. கெட்டிக்காரத்தனமானது. 1 முதல் 33 வரையிலான செக்டர்களில் ஓர் அட்டவணை, வன்தட்டின் கடைசி 33 செக்டர்களில் அதன் நகல். தொடக்கம் பழுதானாலும் நகல் காப்பாற்றும். நாம் வேண்டுமென்றே அழித்தோமா, பழுதானதா என்று அதற்குத் தெரியாதே! முன்பகுதியை மட்டும் துடைத்தால் பழைய பிரிவுகள் தலைகாட்டுவது இதனால்தான்.

இரு முனைகளையும் துடைக்க, விண்டோஸில் டிஸ்க்பார்ட் கருவியின் ‘கிளீன்’ கட்டளையும் லினக்ஸில் எஸ்ஜிடிஸ்க் கருவியின் ‘சாப்-ஆல்’ கட்டளையும் உதவும். சில விநாடி வேலை.

ஆனால், அட்டவணை போனதால் கோப்புகள் போய்விடவில்லை. அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளப் பெயர்ப்பலகையைக் கழற்றினால் மேலே குடியிருப்பவர்கள் காலி செய்துவிடுவார்களா? டெஸ்ட்டிஸ்க் போன்ற இலவச மென்பொருள், பழைய பிரிவுகளின் தடயங்களைத் தேடிப்பிடித்து அட்டவணையை மீண்டும் எழுதிவிடும். கணினியை வேறொருவருக்குக் கொடுப்பதாக இருந்தால், அதிலுள்ள குடும்பப் படங்களும் அடையாள அட்டை நகல்களும் அவர் கைக்கு எட்டும் நிலையிலேயே இருக்கும்.

அப்போது தேவைப்படுவது ‘கிளீன் ஆல்’. அது ஒவ்வொரு செக்டரிலும் சுழியம் எழுதும். விநாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில், 1 டெராபைட்டுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். எஸ்.எஸ்.டி. வகைக்கு இது முழுப் பாதுகாப்பு அன்று. நம் கண்ணுக்குத் தெரியாத உபரி இடங்களிலும் அது தரவை வைத்திருக்கக்கூடும். தயாரிப்பாளர் தரும் பாதுகாப்பு அழிப்புக் கருவியே அதற்கு ஏற்றது.

‘கிளீன்’ என்று தட்டினால் டிஸ்க்பார்ட், “உறுதியா?” என்று கேட்காது. கணினியில் இரண்டு வன்தட்டுகள் இருந்தால் எண்ணை மட்டும் நம்பாமல் அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கணினியை அணைத்து, அழிக்கக்கூடாத வன்தட்டின் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டுத் தொடங்குவது இன்னும் நல்லது.