பளபளப்பைக் கண்டு ஏமாறாதீர்கள்!

காய்கறிக் கடையில் பலர் கண்ணை மட்டுமே நம்புகிறார்கள். பளபளவென்று இருப்பதை அள்ளிப் பையில் போடுகிறார்கள். வீட்டுக்கு வந்து நறுக்கினால், உள்ளே புழு! அல்லது ஒரே முற்றல்! காசு குப்பைக்குப் போகிறது.

நல்ல காய் வாங்கக் கண் மட்டும் போதாது. கையும் காதும் மூக்கும் வேண்டும். சில காய்களுக்கு நாக்கும் வேண்டும்!

தொட்டுப் பாருங்கள்

வெண்டைக்காயின் நுனியை ஒடியுங்கள். பட்டென்று ஒடிந்தால் பிஞ்சு. ஒடியாமல் வளைந்தால் முற்றல். ஒரு காயை மட்டும் ஒடித்துப் பாருங்கள். அதையும் சேர்த்து வாங்கிக்கொண்டால் கடைக்காரர் கோபிக்க மாட்டார்.

முருங்கைக்காய் இதற்கு நேர்மாறு. இரண்டு முனைகளையும் பிடித்து இலேசாக முறுக்குங்கள். வளைந்து கொடுத்தால் நல்ல காய். விறைப்பாக இருந்தால் முற்றல்.

கத்தரிக்காயில் காம்பு பச்சையாக இருக்க வேண்டும். துளை இருந்தால் வேண்டாம். அது புழு குடைந்த வழி!  

கேட்டுப் பாருங்கள்

தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டுங்கள். தண்ணீர்ச் சத்தம் கேட்க வேண்டும். கண் பகுதி ஈரமாக இருந்தாலும், பூசணம் பூத்திருந்தாலும் வாங்காதீர்கள்.

முகர்ந்து பாருங்கள்

மாம்பழத்தைக் காம்படியில் முகருங்கள். மணம் வர வேண்டும். பழம் முழுவதும் ஒரே மஞ்சள், ஆனால் மணமே இல்லையா? அது 'கல்' வைத்துப் பழுக்க வைத்ததாக இருக்கலாம். அந்தக் கல்லின் பெயர் கால்சியம் கார்பைடு. அதில் ஆர்சனிக் என்ற நஞ்சு கலந்திருக்கக்கூடும். இப்படிப் பழுக்க வைத்த பழங்களை விற்பதை 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் தடை செய்கின்றன.

உயிருக்கே ஆபத்து!

சுரைக்காயைச் சமைக்கும் முன் ஒரு சிறு துண்டை நுனி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் உடனே துப்பிவிடுங்கள். காய் முழுவதையும் எறிந்துவிடுங்கள். அந்தக் கசப்பு நஞ்சு. வேக வைத்தாலும் போகாது. கசப்பு உடம்புக்கு நல்லது என்று எண்ணி, கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து உயிர் இழந்தவர்கள் உண்டு. பாகற்காய் கசக்கலாம், சுரைக்காய் கசக்கக் கூடாது!

கண்ணுக்கும் வேலை உண்டு

உருளைக்கிழங்கு வாங்கும்போது தோலின் நிறத்தைப் பாருங்கள். வெளிச்சத்தில் கிடந்த கிழங்கின் தோல் பச்சையாக மாறும். அதோடு சொலனின் என்ற நஞ்சும் கூடும். இதுவும் வேக வைத்தால் போகாது. பச்சை பூத்த கிழங்கும், முளை விட்ட கிழங்கும் வேண்டாம். வீட்டிலும் கிழங்கை இருட்டான, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு காயையும் அவர்கள் கையில் கொடுத்துச் சொல்லிக் கொடுங்கள். கொஞ்சம் நேரம் கூடுதலாகும். ஆனால் காசு மிச்சம்; குடும்பத்துக்கும் நலம்!