வளைவில் எவ்வளவு வேகம்?

பள்ளி விடுமுறையில் உறவினர்களுடன் வேன் ஒன்றை அமர்த்திக்கொண்டு கொல்லிமலைக்குப் புறப்படுகிறீர்கள். மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் காத்திருக்கின்றன. ஒவ்வொரு திருப்பத்திலும் எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்கின்றனர். குழந்தைகள் கூவி மகிழ்கின்றனர்; பெரியவர்கள் கம்பியை இறுகப் பற்றிக்கொள்கின்றனர். இந்த வேகம் சரிதானா என்ற ஐயம் உங்களுக்கு எழுகிறது. எனினும், ஓட்டுநருக்குத் தெரியாததா என்றெண்ணிப் பேசாதிருந்து விடுகிறீர்கள்.

அந்த ஐயத்துக்கு விடை தரும் கணக்கு எளியது, அறிந்துகொள்ளுங்கள்.

ஓடும் வண்டி நேர்கோட்டில் செல்லவே முனையும். அதைத் திருப்ப, வளைவின் மையத்தை நோக்கி ஒரு விசை இழுத்துக்கொண்டேயிருக்க வேண்டும். கயிற்றில் கட்டிச் சுழற்றும் கல்லுக்கு அவ்விசையைக் கயிறு தருகிறது. வண்டிக்கோ, டயருக்கும் சாலைக்கும் இடையேயுள்ள உராய்வே அக்கயிறு. கயிறு அறுந்தால் கல் பறந்துவிடும். உராய்வு போதாவிடில் வண்டி சாலையை விட்டு வழுக்கிச் செல்லும்.

வேகம் இரு மடங்கானால், தேவைப்படும் விசை நான்கு மடங்காகிறது. 20 கிலோமீட்டரில் சென்றவர் 40 கிலோமீட்டருக்கு மாறும்போது ஆபத்து இரட்டிப்பாகிறது என்று கருதிவிட வேண்டாம்!

எல்லை வேகத்தைக் காண, உராய்வு எண், புவியீர்ப்பு முடுக்கமாகிய 9.8, வளைவின் ஆரம் ஆகிய மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் காண வேண்டும். 14 மீட்டர் ஆரமுள்ள ஒரு கொண்டை ஊசி வளைவை எடுத்துக்கொள்வோம். உலர்ந்த தார்ச்சாலையில் உராய்வு எண் ஏறத்தாழ 0.7. பெருக்கினால் 96; அதன் வர்க்கமூலம் 9.8. அதாவது நொடிக்கு 9.8 மீட்டர், மணிக்கு 35 கிலோமீட்டர். மழையில் நனைந்த சாலையில் உராய்வு எண் 0.4 எனில், எல்லை 27 கிலோமீட்டராகிறது. மணலோ சேறோ படிந்து அது 0.2 ஆகக் குறைந்தால், 19 கிலோமீட்டர்தான்! காலையில் பத்திரமாகக் கடந்த அதே வளைவு, மாலை மழையில் அதே வேகத்தில் ஆபத்தாக முடியலாம்.

இக்கணக்கில் வண்டியின் எடைக்கு இடமேயில்லை என்பதைக் கவனியுங்கள். எடை கூடினால் உராய்வும் கூடும். திருப்பத் தேவையான விசையும் அதே அளவு கூடும். ஆகவே, "பாரமான வண்டி, சாலையை நன்கு பிடிக்கும்" என்பது வீண் நம்பிக்கை. மாறாக, கூரை மீது மூட்டை முடிச்சுகளை அடுக்கினால் வண்டியின் ஈர்ப்பு மையம் உயர்ந்துவிடும். அத்தகைய வண்டி வழுக்கும் முன்னரே கவிழவும் கூடும்.

மற்றொன்றும் உண்டு. ஒரே சம்பளத்தில் வாடகையும் மளிகையும் நடப்பதைப் போல, டயரின் ஒரே உராய்வைக் கொண்டுதான் வண்டி திரும்பவும் வேண்டும், நிற்கவும் வேண்டும். வளைவின் நடுவில் பிரேக்கை அழுத்தினால், திரும்புவதற்கான பங்கு குறைந்துபோகும். எனவே, வளைவுக்குள் நுழையும் முன்னரே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

மேற்கண்டவை வழுக்கும் எல்லைகளே அன்றிப் பாதுகாப்பான வேகங்கள் அல்ல. தேய்ந்த டயர், எதிரே திடீரென வரும் லாரி ஆகியவற்றுக்கும் இடம் விட்டே ஓட்ட வேண்டும். உலர்ந்த சாலையிலும் இத்தகைய வளைவை 20 கிலோமீட்டருக்குள் கடப்பதே அறிவுடைமை. மழையில் இன்னும் குறைக்க வேண்டும்.

அடுத்த பயணத்தில் ஐயம் எழுந்தால், "தம்பி, சற்று மெதுவாகச் செல்லுங்கள்" என்று கூறத் தயங்காதீர்கள். பத்து நிமிடம் பிந்திச் சென்றாலும் மலை அங்கேயேதான் இருக்கும்.