ஒரு ரயில் பெட்டி கேட்டாலே போதும்... சினிமாவில் வராத பாட்டும் பிழைத்துக்கொள்ளும்!

காலை ஒன்பது மணிக்கு கிண்டி ரயில் நிலையத்தில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். தாம்பரத்திலிருந்து வரும் மின்சார ரயில் ஒரு கூட்டத்தை இறக்கிவிடும். பக்கத்திலேயே மெட்ரோவிலிருந்து இன்னொரு கூட்டம் படியிறங்கி வரும். தொழிற்பேட்டைக்குப் போகிறவர்கள், ஐ.டி அலுவலகத்துக்கு ஓடுகிறவர்கள், காலேஜ் பிள்ளைகள் எனப் பல ரகம். ஆனால், பாதிப் பேருக்கு மேல் காதில் இயர்போன் இருக்கும். அதில் ஓடுவது பெரும்பாலும் சினிமாப் பாட்டுதான். நம் ஊரில் பாட்டு என்றாலே சினிமாப் பாட்டு என்று பழகிவிட்டோம்.

அந்தக் கூட்டத்தில் சிலர் வேறு ஏதோ கேட்டுக்கொண்டிருப்பார்கள். எந்தப் படத்திலும் வராத, எந்த ஹீரோவும் ஆடாத பாட்டு. யாரோ ஓர் இளைஞர் தன் அறையில் உட்கார்ந்து எழுதி, மெட்டமைத்து, நண்பர்களைச் சேர்த்து வீடியோ எடுத்து, தானே யூடியூபில் ஏற்றிய பாட்டு. இதைத்தான் 'இண்டி' என்கிறார்கள். தமிழில் சொன்னால், சுயாதீன இசை.

சினிமாப் பாட்டுக்குப் பின்னால் படத்தின் விளம்பரம் இருக்கிறது, ஆடியோ நிறுவனம் இருக்கிறது, நடிகரின் ரசிகர்கள் இருக்கிறார்கள். இண்டி பாட்டுக்கு அப்படி யாரும் இல்லை. கேட்டவர் இன்னொருவருக்குச் சொன்னால்தான் உண்டு. அந்தச் சொல்லும் வேலையை நாம் எப்படிச் செய்கிறோம் என்பதில்தான் பல கலைஞர்களின் பிழைப்பே இருக்கிறது.

வாய் வழியே வந்த 'சுராங்கனி'

இது நேற்று முளைத்த சங்கதி இல்லை. வீட்டில் பெரியவர்களிடம் 'சுராங்கனி' என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். இலங்கையின் ஏ.இ.மனோகரன் பாடி, 1970-களில் தமிழ்நாடு முழுக்கக் கொண்டாடிய பைலா பாட்டு அது. 'சிலோன் மனோகர்' என்ற பெயரே அவருக்கு இங்கே நிலைத்தது. பாட்டால் புகழ்பெற்றவர், பிறகு தமிழ்ப் படங்களில் நடிக்கவும் செய்தார்.

1986-ல் இளையராஜா 'ஹவ் டு நேம் இட்?' என்ற ஆல்பத்தைக் கொண்டுவந்தார். கர்னாடக இசையையும் மேற்கத்திய செவ்வியல் இசையையும் அருகருகே உட்காரவைத்த, படத்துக்காக இல்லாத இசை. கேசட்டாக வீடுவீடாகக் கை மாறியது. 2006-ல் மலேசியாவிலிருந்து யோகி பி-யும் நட்சத்திராவும் 'வல்லவன்' ஆல்பத்தோடு வந்தார்கள். தமிழில் ராப் பாட முடியும் என்று இங்கே பல கல்லூரிப் பையன்களுக்கு நம்பிக்கை கொடுத்தது அது.

அடுத்து கோவையிலிருந்து 'ஹிப்ஹாப் தமிழா' ஆதி. 2011-ல் ஒரு வானொலி நிகழ்ச்சியில் பாடிய 'கிளப்புல மப்புல' யூடியூபில் தீயாகப் பரவியது. 2012-ல் 'ஹிப்ஹாப் தமிழன்' ஆல்பம். 2015-ல் 'ஆம்பள' படத்துக்கு இசையமைப்பாளர். சமீபத்தில் சாய் அபயங்கரும் இதே வழியில்தான் வந்தார். 2024 ஜனவரியில் அவருடைய 'கட்சி சேர' வெளியானது. ரீல்ஸில் அதற்கு ஆடாதவர்கள் குறைவு. அடுத்த ஆண்டே 'டியூட்' படத்துக்கு இசை.

கேசட் போய் செல்போன் வந்தாலும், ஒருவர் கேட்டு இன்னொருவருக்குச் சொல்வது மட்டும் மாறவே இல்லை.

கிண்டியில் மூன்று வாசல்கள்

புதுப் பாட்டு காதில் விழ ஓர் இடம் வேண்டும். அந்த வகையில் கிண்டி வட்டாரம் கொடுத்துவைத்தது.

முதலாவது, கிண்டி பொறியியல் கல்லூரி. 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கல்லூரி இது. இங்கே மாணவர்கள் நடத்தும் 'டெக்கோஃபெஸ்' கலைவிழாவுக்கு எழுபது வருடங்களுக்கு மேல் வயதாகிறது. இரண்டாவது, கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஐ.ஐ.டி. 1974-ல் 'மார்டி கிரா' என்ற பெயரில் ஆரம்பித்து, 1996-லிருந்து 'சாரங்' ஆன விழா அங்கே ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது. மரங்களுக்கு நடுவே இருக்கும் திறந்தவெளி அரங்கத்தில், பிரபலமானவர்களுக்காக வரும் கூட்டம் கல்லூரி பேண்டுகளின் போட்டிகளையும் கேட்டுவிட்டுப் போகும். பெயர் தெரியாத ஒருவர் பாடுவதை நின்று கேட்கும் பொறுமை அந்த வயதில்தான் இருக்கும். அதனால், புதியவர்களுக்குக் கல்லூரி மேடைதான் முதல் தேர்வு.

மூன்றாவது வாசல் பலருக்கும் தெரியாது. அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலிருந்து 90.4 அலைவரிசையில் ஒலிக்கும் 'அண்ணா எஃப்.எம்'. 2004 பிப்ரவரி 1-ம் தேதி தொடங்கிய இந்த நிலையம்தான், நாட்டிலேயே முதல் வளாக சமுதாய வானொலி.

சமுதாய வானொலிக்கு அரசு வைத்திருக்கும் விதிகள் சுவாரஸ்யமானவை. ஒலிபரப்பின் சக்தி பொதுவாக 100 வாட்டைத் தாண்டக்கூடாது. அதாவது, சில கிலோமீட்டர் சுற்றளவுக்குத்தான் கேட்கும். நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதியாவது அந்த வட்டார மக்களின் பங்களிப்போடு தயாராக வேண்டும். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஊர் முழுக்கக் கேட்கும் பெரிய வானொலியில் புதிய பாடகருக்குக் கதவு திறப்பது கஷ்டம். நம் தெருவுக்கான வானொலியோ, நம் தெருக்காரர் பாட வந்தால் வரவேற்க வேண்டும் என்பதற்காகவே உருவானது. உங்கள் வீட்டுப் பிள்ளை சொந்தமாகப் பாட்டெழுதிப் பாடுகிறதா? அருகில் இருக்கும் சமுதாய வானொலியில் விசாரித்துப் பாருங்கள்.

பகிர்ந்ததால் என்ன நடந்துவிடும்?

நடந்திருக்கிறது. 2015 ஜூலை இறுதியில், சென்னையைச் சேர்ந்த ராப் பாடகி சோபியா அஷ்ரஃப் 'கொடைக்கானல் வோன்ட்' என்ற வீடியோவில் பாடினார். கொடைக்கானலில் 2001-ல் மூடப்பட்ட பாதரச தெர்மாமீட்டர் ஆலையின் முன்னாள் தொழிலாளர்களுக்கு நியாயம் கேட்ட பாட்டு அது. அமெரிக்கப் பாடகி நிக்கி மினாஜின் பிரபல மெட்டில் எழுதியிருந்தார். பார்த்தவர்கள் பகிர, பகிர, அது நிக்கி மினாஜின் கண்ணிலேயே பட்டு, அவரும் ட்விட்டரில் பகிர்ந்தார். பல வருடங்களாகத் தொழிலாளர்கள் நடத்திய போராட்டம் சில நாள்களில் உலகச் செய்தியானது. 2016 மார்ச்சில், 591 முன்னாள் தொழிலாளர்களுக்கு மனிதாபிமான அடிப்படையில் உதவித்தொகை வழங்க நிறுவனம் ஒப்பந்தம் செய்துகொண்டது. வழக்கும் போராட்டமும் முன்பே இருந்தன என்பது உண்மை. ஆனால், மூன்றே நிமிடப் பாட்டு அவற்றின் மீது ஊரின் பார்வையைத் திருப்பியது.

2017 பொங்கல் சமயத்தில் வந்த 'சென்னை புறம்போக்குப் பாடல்' இன்னொரு ரகம். கபேர் வாசுகி எழுத, டி.எம்.கிருஷ்ணா கர்னாடக ராகங்களில் பாடினார். படம்பிடித்தது சபாவில் அல்ல, எண்ணூர்க் கழிமுகத்தில். எல்லோருக்கும் பொதுவான நிலம் என்ற நல்ல அர்த்தம் கொண்ட 'புறம்போக்கு' எப்படித் திட்டும் சொல்லாக மாறியது என்று அந்தப் பாட்டு கேட்டது. கச்சேரிப் பக்கமே போகாதவர்களின் போனுக்கும் அந்த ராகங்கள் வந்து சேர்ந்தன.

பாட்டு தெரியும்... எழுதியது யார்?

பகிர்வதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. பாட்டு பறக்கும், பெயர் பின்தங்கிவிடும். இதற்கு 'எஞ்சாய் எஞ்சாமி'யைவிடப் பெரிய உதாரணம் இல்லை.

2021 மார்ச் 7-ம் தேதி வெளியான அந்த வீடியோவை யூடியூபில் மட்டும் 40 கோடி முறைக்கு மேல் பார்த்திருக்கிறார்கள். பாடியவர்கள் தீயும் அறிவும். தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். வீடியோவை இயக்கியவர் அமித் கிருஷ்ணன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, ஊர் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அந்த வரிகள் வந்ததாக அறிவு சொல்லியிருக்கிறார். அரக்கோணத்துக்காரர். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் கானா, பறை, ராக் எல்லாம் கலந்து ஒலித்தபோது, அதில் ராப் பாடியவர்.

2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீயும், கனடாவின் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். அந்த இருவருக்கும் புகழ் தந்த பாட்டுகளில் பங்கிருந்த அறிவு இல்லை. இயக்குநர் பா.இரஞ்சித் கேள்வி எழுப்ப, சமூக ஊடகங்களில் பெரிய விவாதம் ஆனது. பிறகு அறிவின் படத்தோடு டிஜிட்டல் அட்டை ஒன்று வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோது, மேடையில் அறிவு இல்லை. பாட்டை எழுதி, மெட்டமைத்து, பாடியதில் தன் உழைப்பு என்ன என்று அவர் நீண்ட பதிவு போட்டார். அது கூட்டு முயற்சி, எல்லா இடத்திலும் அறிவின் பங்கைச் சொல்லியே வந்திருக்கிறோம் என்று சந்தோஷ் நாராயணனும் தீயும் விளக்கம் கொடுத்தார்கள். 2024-ல் பாட்டுக்கு மூன்று வயது ஆனபோது, அதிலிருந்து தங்களுக்கு இன்னும் வருமானமே வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வீடியோவில் பேசினார்.

யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை இல்லை. ஆனால், 40 கோடி முறை பார்த்த பாட்டிலேயே பெயருக்கும் பணத்துக்கும் இவ்வளவு தகராறு என்றால், 400 பேர் பார்த்த பாட்டின் கதி என்ன?

1,000 என்ற கணக்கு

கொஞ்சம் பணக் கணக்கு பார்ப்போம். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டை 30 நொடிகள் கேட்டால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. 2024-லிருந்து இன்னொரு விதி. கடந்த 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு, ஒலிப்பதிவுக்கான உரிமைத்தொகை கிடையாது. பிரபலங்களுக்கு 1,000 என்பது ஒரு நிமிடக் கணக்கு. புதியவருக்கு அது ஒரு மலை.

ஆனால், ஏற முடியாத மலையும் அல்ல. கிண்டியில் நிற்கும் மின்சார ரயிலின் ஒரே பெட்டியில் இருக்கும் 100 பேர், வருடத்தில் ஆளுக்குப் பத்து முறை கேட்டால் 1,000 வந்துவிடும்!

யூடியூபில் விளம்பர வருமானம் வர, சேனலுக்கு 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். கூடவே, 12 மாதங்களில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும் அல்லது 90 நாள்களில் ஷார்ட்ஸ் ஒரு கோடிப் பார்வை பெற்றிருக்க வேண்டும். நீங்கள் அழுத்தும் அந்த 'சப்ஸ்கிரைப்' பட்டன் சும்மா மரியாதைக்கு அல்ல.

பாட்டெழுதும், மெட்டமைக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதையும் சொல்லிவையுங்கள். 1969-ல் தொடங்கிய ஐ.பி.ஆர்.எஸ் என்ற சங்கம், பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் சேர வேண்டிய உரிமைத்தொகையை வசூலித்துத் தருகிறது. சினிமாக்காரர்கள் மட்டும்தான் என்றில்லை, சுயாதீனக் கலைஞர்களும் உறுப்பினராகலாம்.

தேடுவது எப்படி, பகிர்வது எப்படி?

* பெயரைப் பிடித்துப் போங்கள். பிடித்த பாட்டின் கீழே இருக்கும் விவரத்தை விரித்துப் படியுங்கள். பாடியவர், எழுதியவர், கிட்டார் வாசித்தவர் என ஒவ்வொரு பெயரும் ஒரு புதுக் கதவு. அறிவைப் பிடித்திருந்தால், அவர் ஓஃப்ரோவோடு சேர்ந்து 2019-ல் வெளியிட்ட 'தெருக்குரல்' ஆல்பத்தைக் கேளுங்கள். கபேர் வாசுகியைப் பிடித்திருந்தால், டென்மாவோடு அவர் இயங்கிய 'குரங்கன்' பேண்டைத் தேடுங்கள்.

* நேரில் போங்கள். கல்லூரிக் கலைவிழாக்களும், டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் நடத்தும் 'மார்கழியில் மக்களிசை'யும் நல்ல தொடக்கம். பிடித்த கலைஞரைப் பின்தொடர்ந்தால் அடுத்த நிகழ்ச்சி எங்கே என்று தெரிந்துவிடும்.

* லிங்க்கை அனுப்புங்கள், வீடியோவை அல்ல. இதுதான் மிக முக்கியம். டவுன்லோடு செய்த வீடியோவை ஃபேமிலி குரூப்பில் போட்டால் ஐம்பது பேர் பார்ப்பார்கள். கலைஞரின் கணக்கில் ஒன்றுகூட ஏறாது. அதே பாட்டின் லிங்க்கை அனுப்பினால், ஒவ்வொரு பார்வையும் அவருக்குப் போய்ச் சேரும்.

* இரண்டு வரி எழுதுங்கள். வெறும் 'சூப்பர்' என்று போடுவதற்குப் பதில், 'எழுதியவர் இவர், பாடியவர் இவர், இந்த இடம் எனக்குப் பிடித்தது' என்று சேர்த்து அனுப்புங்கள். ஸ்டேட்டஸ் வைத்தாலும் பெயரோடு வையுங்கள்.

* முதலில் முழுதாகக் கேளுங்கள். சில ராப் பாட்டுகளில் வார்த்தைகள் காரமாக இருக்கும். குழந்தைகளும் தாத்தா, பாட்டியும் இருக்கும் குரூப்பில் எதை அனுப்பலாம் என்று நீங்களே பார்த்து அனுப்புங்கள்.

* வாரத்துக்கு ஒன்று போதும். தினமும் பத்து லிங்க் வந்தால் யாரும் திறக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு பாட்டு, உங்கள் இரண்டு வரியோடு வந்தால், 'என்னதான் இருக்கு' என்று அத்தையே திறந்து பார்ப்பார்.

யூடியூபும் ஸ்பாட்டிஃபையும் தாமாகவே பாட்டுகளைப் பரிந்துரைக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால், அவை நாம் ஏற்கெனவே கேட்டதைப் போன்றதைத்தான் திரும்பத் திரும்ப நீட்டுகின்றன. எண்ணூரில் எடுத்த கர்னாடகப் பாட்டை ஒரு கானா ரசிகரிடம் கொடுத்து, 'இதைக் கேள்' என்று சொல்ல, அவரை நன்றாகத் தெரிந்த ஒரு நண்பர் வேண்டும்.

இந்த வாரம் அந்த நண்பராக நீங்கள் இருங்கள். ஆயிரம் பார்வைகூட எட்டாத ஒரு தமிழ்ப் பாட்டைத் தேடிப் பிடியுங்கள். பிடித்திருந்தால், எழுதியவர், பாடியவர் பெயரோடு மூன்று பேருக்கு லிங்க் அனுப்புங்கள்.